மறைத்தல் அழித்தல் அன்று

நுழையும்முன்

ஒளிப்படத்தைத் திருத்தும் மென்பொருள்கள் இன்று கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டன. விரலால் ஒருமுறை தேய்த்தால் முகத்திலுள்ள கரும்புள்ளி மறைகிறது. மற்றொருமுறை தேய்த்தால் பின்னால் நிற்பவரே மறைந்துபோகிறார். மறைந்தவர் எங்கே சென்றார், வேண்டும்போது திரும்ப வருவாரா என்னும் வினா பலருக்கு எழுவதில்லை. அவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஒரு நுட்பத்தை இப்பாடம் விளக்குகிறது.

மூக்குத்தியா, பூஞ்சைப் புள்ளியா?

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, கிணத்துக்கடவு எனக் கொங்குநாட்டின் எந்த ஊரில் உள்ள ஸ்டுடியோவுக்குச் சென்றாலும் ஒரு வேண்டுகோளை அடிக்கடி கேட்கலாம். இறந்துபோன பாட்டிக்குத் தனிப்படம் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு திருமணத்தில் எடுத்த குழுப்படத்தின் ஓரத்தில் அவர் நிற்கிறார். அம்முகத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தர வேண்டும். வீட்டின் நடுக்கூடத்தில் மாலையிட்டு மாட்டப்போகும் படம் அது.

பழைய படத்தாள் பெரும்பாலும் பழுதுபட்டிருக்கும். மடிப்புக் கோடுகள், ஈரம் பட்ட கறைகள், பூஞ்சை அரித்த வெண்புள்ளிகள் ஆகியவை முகத்தின்மேலும் பரவியிருக்கும். படம் திருத்துபவர் ஒவ்வொரு புள்ளியாக நீக்கிக்கொண்டே வருகிறார். மூக்கின் ஓரத்தில் ஒரு வெண்புள்ளி; அதையும் நீக்குகிறார். இரண்டு நாள் கழித்துப் படத்தைப் பெற வந்த குடும்பத்தார் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கி நிற்கின்றனர். எதுவோ குறைகிறது. எது என்று உடனே அவர்களால் சொல்ல முடியவில்லை. பிறகு மகள் சொல்கிறார்: “அம்மாவின் மூக்குத்தி எங்கே?”

இந்நிலையில் இரண்டில் ஒன்றுதான் நிகழும. திருத்துபவர் அழிப்பானைக் கொண்டு படத்தின்மேலேயே வேலை செய்து சேமித்திருந்தால், மூக்குத்தி போனது போனதுதான். மூலப்படத்தை மீண்டும் வருடி எடுத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாறாக, அவர் மறைதிரையைப் பயன்படுத்தியிருந்தால், வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மறைத்த இடத்தில் தூரிகையை ஒருமுறை வைத்தெடுத்தால் மூக்குத்தி மீண்டும் ஒளிரும். இரண்டு முறைகளிலும் திரையில் தெரிந்த படம் ஒன்றுதான்; அடியில் இருந்த நிலைதான் வேறு. முதல் முறையில் அழிக்கப்பட்டது. இரண்டாம் முறையில் மறைக்கப்பட்டது.

ஸ்டுடியோக்களில் ‘லேயர் மாஸ்க்’ என்றே வழங்கும் இந்நுட்பத்தை நாம் இங்கு ‘அடுக்கு மறைதிரை’ எனக் குறிப்பிடுவோம். ஒளிப்படத்தின் வெவ்வேறு பகுதிகளையோ வெவ்வேறு படங்களையோ கண்ணாடித் தாள்களைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது அடுக்கு. ஓர் அடுக்கில் எப்பகுதி தெரிய வேண்டும், எப்பகுதி தெரியக் கூடாது என்பதை அந்த அடுக்கைத் தொடாமலே முடிவு செய்வது மறைதிரை.

கணினிக்கு முந்திய மறைதிரைகள்

இதனைக் கணினியின் கண்டுபிடிப்பு என எண்ணுதல் தவறு. ஒளிப்படக்கலை தோன்றி இருபது ஆண்டுகள் ஆவதற்குள்ளாகவே மறைத்துப் பதிக்கும் வழக்கம் வந்துவிட்டது. அதற்குக் காரணம் வானம்.

19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஒளிப்படக்காரர்கள் பயன்படுத்திய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் பச்சை, சிவப்பு ஒளிகளை மிகக் குறைவாகவும் ஏற்றன. ஆகவே நிலப்பகுதி தெளிவாகப் பதியும்வரை காத்திருந்தால் வானம் வெளுத்துப்போகும். மேகங்கள் பதியுமாறு விரைந்து எடுத்தால் நிலம் இருண்டுபோகும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே 1850-களில் இதற்கொரு வழி கண்டார். கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை வேறொரு நெகட்டிவிலும் எடுத்தார். தாளில் அச்சிடும்போது வானத்தை மறைத்துக் கடலைப் பதித்தார். பின்னர்க் கடலை மறைத்து வானத்தைப் பதித்தார். தொடுவானக் கோடு இரண்டும் சேரும் தையலாயிற்று. 1857-இல் ஆஸ்கர் ரைலாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இவ்வாறே இணைத்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் ஒரே படத்தை உருவாக்கினார். ஒரு நெகட்டிவைப் பதிக்கும்போது தாளின் எஞ்சிய பகுதி முழுவதும் ஒளிபடாமல் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். முப்பது முறையும் கை தவறாதிருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். திரைப்படத் தொழிலில் கொங்குநாட்டுக்குத் தனி இடம் உண்டு. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் இயங்கின. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இயங்கியது. அந்நிறுவனத்தின் தயாரிப்பாக, சுந்தரத்தின் இயக்கத்தில் 1940-இல் வெளிவந்தது ‘உத்தம புத்திரன்’. அதில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். தமிழ்த் திரையில் முதன்முதலாக ஒரே நடிகர் இரு வேடங்களில் தோன்றிய படமாக இது குறிப்பிடப்படுகிறது.

ஒரே நடிகரை ஒரே காட்சியில் இருவராகக் காட்டுவதற்குப் படச்சுருள் காலத்தில் கையாளப்பட்ட முறை எளிமையானது. ஆனால் மிகுந்த கட்டுப்பாடு வேண்டுவது. காமிராவை அசையாமல் நிறுத்தி, வில்லையின் முன் வலப்பாதியைக் கறுப்புத் தகட்டால் மூடுவர். நடிகர் இடப்பக்கம் நின்று நடிப்பார். ஒளி பட்ட இடப்பாதியில் மட்டும் காட்சி பதியும். பிறகு படச்சுருளை முன்பு தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றுவர். இப்போது இடப்பாதி மூடப்படும். நடிகர் உடை மாற்றிக்கொண்டு வலப்பக்கம் நின்று, எதிரே இல்லாத தம்மையே பார்த்து உரையாடுவார். இடையில் யாராவது காமிராவின் காலைத் தட்டிவிட்டால் இரண்டு பாதிகளும் பொருந்தா. நடிகர் நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினால் கை பாதியில் துண்டாகித் தெரியும். ஆகவேதான் பழைய இரட்டை வேடக் காட்சிகள் பலவற்றில் இருவருக்கும் நடுவே ஒரு தூணோ கதவு நிலையோ இருப்பதைக் காண்கிறோம். தையலை மறைக்கும் கரை அது.

இரட்டையருள் ஒருவருக்கு இரும்பு முகமூடி அணிவித்துச் சிறையிடும் கதை அது. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் கதையைத் தழுவியது. முகமூடியைப் பற்றிய கதையைச் சொல்வதற்கே ஒரு மறைதிரை தேவைப்பட்டது சுவையான பொருத்தம்.

கறுப்புத் தகட்டுக்கு ஒரு குறை உண்டு. அது மூடும் அல்லது திறக்கும். பாதி மூடத் தெரியாது. மேலும், ஒருமுறை பதிந்துவிட்ட படச்சுருளை மாற்ற இயலாது. இவ்விரு குறைகளையும் கணினி தீர்த்தது.

பாதி மறைக்கும் கணக்கு

1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் ஒரு கருத்தை முன்வைத்தனர். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் இருக்கின்றன அல்லவா? நான்காவதாக ஓர் எண்ணையும் சேர்த்துவிட்டால் என்ன? அந்த நான்காம் எண், அப்புள்ளி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைக் கூறும். இரண்டு அளவுகளைக் கலக்கும் வாய்பாட்டில் வழக்கமாக எழுதப்படும் கிரேக்க எழுத்தின் பெயரால் அதற்கு ‘ஆல்ஃபா’ எனப் பெயரிட்டனர். 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் விதிகளை முறைப்படுத்தி வெளியிட்டனர்.

மறைதிரை என்பது இந்த நான்காம் எண்களால் ஆன ஒரு தனிப்படம். அது கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் 0 முதல் 255 வரை, ஆக 256 படிகளில் ஒன்றாக அமையும். 0 என்பது கறுப்பு; அவ்விடத்தில் மேலடுக்கு தெரியாது. 255 என்பது வெள்ளை; அவ்விடத்தில் மேலடுக்கு முழுமையாகத் தெரியும். இடைப்பட்ட சாம்பல் நிறம் எதுவாயினும் அதன் அளவுக்கேற்ப மேலடுக்கும் கீழடுக்கும் கலந்து தெரியும். ‘வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும்’ என்பது இத்தொழிலின் அரிச்சுவடி.

ஓர் எடுத்துக்காட்டு: மேலடுக்கில் ஒரு புள்ளியின் ஒளி அளவு 200, நேர்கீழே உள்ள அடுக்கில் 100. மறைதிரை வெள்ளையாயின் விடை 200. கறுப்பாயின் விடை 100. மறைதிரை சரிபாதிச் சாம்பலாயின் 200-இல் பாதியும் 100-இல் பாதியும் கூடி 150 கிடைக்கும். கால் பங்கு மட்டும் காட்டுவதாயின் 50-உம் 75-உம் கூடி 125. கணினி செய்வது இவ்வளவே. ஆனால் பல கோடிப் புள்ளிகளுக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல் என்பவரும், திரைப்படச் சிறப்புக் காட்சிகளை உருவாக்கும் நிறுவனமொன்றில் பணியாற்றிய அவர்தம் உடன்பிறந்தார் ஜான் நோல் என்பவரும் உருவாக்கிய ஃபோட்டோஷாப் மென்பொருள் 1990-இல் வெளிவந்தது. அதன் தொடக்கப் பதிப்புகளில் அடுக்குகள் இல்லை. ஒரு படத்தின்மேல் மற்றொன்றை ஒட்டி உறுதிசெய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், பிரிக்க வழியில்லை. 1994-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில்தான் அடுக்குகள் வந்தன.

தெரியுமா?
ஃபோட்டோஷாப் கட்டணம் பெறும் மென்பொருள். கட்டணமின்றிக் கிடைக்கும் ஜிம்ப் என்னும் மென்பொருளிலும் அடுக்குகளும் மறைதிரைகளும் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவரும் 1995-இல் இதனை உருவாக்கத் தொடங்கினர். இப்பாடத்திலுள்ள பயிற்சிகள் பெரும்பாலும் ஜிம்ப்பிலும் செய்யத்தக்கவை.

ஆழியாற்றுக் காட்சி

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை செல்லும் வழியில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் ஆழியாறு அணை இருக்கிறது. முன்னே நீர்ப்பரப்பு, கரையில் தென்னைகள், அப்பால் மலைகள், மேலே வானம். படமெடுக்கத் தூண்டும் காட்சி. படமெடுத்தால் ஏமாற்றும் காட்சியும் அதுவே. லெ கிரேயை வாட்டிய சிக்கல் இங்கும் உண்டு. தென்னந்தோப்பு தெளிவாக விழுமாறு எடுத்தால் மேகங்கள் வெறும் வெள்ளையாகிவிடும். மேகங்களைக் காப்பாற்றினால் தோப்பு கரிக்கட்டையாகிவிடும். நம் கண், பார்க்கும் இடத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதால் இரண்டும் நமக்கு நன்றாகத் தெரிகின்றன. காமிராவுக்கு அத்திறன் குறைவு.

காமிராவை முக்காலியில் நிறுத்தி அடுத்தடுத்து இரண்டு படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்: ஒன்று நிலத்துக்கு, ஒன்று வானத்துக்கு. மென்பொருளில் நிலப்படத்தைக் கீழடுக்காகவும் வானப்படத்தை மேலடுக்காகவும் வைத்து, மேலடுக்குக்கு ஒரு மறைதிரையைச் சேர்க்க வேண்டும். மறைதிரை முதலில் முழு வெள்ளையாக இருக்கும். ஆதலின் மேலேயுள்ள வானப்படம் மட்டும் தெரியும். கீழ்ப்பாதியில் நாம் கறுப்பு ஏற்ற ஏற்ற, அடியிலிருந்து ஒளிமிக்க நிலம் வெளிப்படும்.

தொடக்கநிலையில் உள்ளோர் இங்கே தூரிகையை எடுத்துக்கொண்டு தொடுவானம் நெடுகிலும் தீட்டத் தொடங்குவர். அது காலத்தை விழுங்கும். தீட்டிய தடமும் தெரியும். சரிவு நிறம் இடும் கிரேடியன்ட் கருவியே இவ்விடத்துக்கு உரியது. நீரின் மேலெல்லையில் அழுத்தி மலையுச்சிவரை இழுத்துவிட்டால், கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் ஒரு மறைதிரை நொடியில் அமையும். இழுக்கும் நீளம் முக்கியமானது. கடற்கரைபோல் தொடுவானம் நேர்கோடாக இருக்கும் இடத்தில் குட்டையாக இழுக்கலாம். மலைத்தொடர் ஏறியிறங்கும் இடத்தில் நீளமாக இழுத்தால்தான் மாற்றம் கண்ணுக்குத் தட்டாது.

ஆனால் தென்னை இருக்கிறதே! அது மலைவிளிம்பையும் தாண்டி வானத்துக்குள் தலையை நீட்டி நிற்கிறது. கிரேடியன்டுக்கு மரமும் வானமும் ஒன்றுதான். விளைவு: அடிமரம் பளிச்சென்றும் கொண்டைப்பகுதி இருண்டும் தெரியும். ஒரே மரம் இரண்டு வேளைகளில் நிற்பதுபோல் இருக்கும். மரங்களை விலக்கி, வானத்தை மட்டும் காட்டும் மறைதிரை வேண்டும். ஒரு தென்னை மட்டைக்கு இரண்டு பக்கமும் நூற்றுக்கும் மேற்பட்ட கீற்றிலைகள் இருக்கும். அவற்றின் நடுவே தெரியும் வானத்துண்டுகளை எண்ணி முடியுமா? தூரிகையால் தீட்டுவது நடவாத செயல்.

நீலம் தரும் உதவி

படமே தனக்குரிய மறைதிரையைத் தரும். இத்துறையில் தேர்ந்தவரையும் தேராதவரையும் பிரிக்கும் கோடு இதை அறிவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

வண்ணப்படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் சேர்க்கை. மென்பொருளின் சேனல்கள் பகுதியில் இம்மூன்றையும் தனித்தனியே பார்க்கலாம். நீலச் சேனலை மட்டும் திறந்து பாருங்கள். வானம் வெண்மையாகவும், பச்சைக் கீற்றுகள் நீல ஒளியை மிகக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் ஏறத்தாழக் கருமையாகவும் தோன்றும். மேகம் வெள்ளை, வெள்ளையில் நீலமும் நிறைந்திருப்பதால் அதுவும் வெண்மையாகவே இருக்கும். நமக்கு வேண்டிய மறைதிரையில் முக்கால் பங்கு ஏற்கெனவே அங்கே வரையப்பட்டிருக்கிறது. லெ கிரேயின் தகடு நீலத்தை அளவுக்கு மீறி ஏற்றதால் வானத்தை இழந்தார்; அதே நீலத்தைக் கொண்டு நாம் வானத்தைப் பிரித்தெடுக்கிறோம்.

நிலப்படத்தின் நீலச் சேனலைப் படியெடுத்து, லெவல்ஸ் என்னும் கட்டளையால் அதன் கருமையை மேலும் கருமையாகவும் வெண்மையை மேலும் வெண்மையாகவும் ஆக்க வேண்டும். நீர்ப்பரப்பு வானத்தைப் பிரதிபலிப்பதால் அதுவும் வெண்மையாகவே வந்திருக்கும்; வெள்ளையடித்த சுவர்களும் அவ்வாறே. அவை கீழ்ப்பகுதியில் இருப்பதால் லாசோ கருவியால் வளைத்துக் கறுப்பு நிரப்பினால் போதும். தென்னங்கீற்று பளபளப்பானது, வெயில் பட்ட மட்டைகளில் ஆங்காங்கே வெண்கீற்றுகள் மின்னும். அவற்றின்மேல் மட்டும் கறுத்த தூரிகையை ஓட்டவேண்டும். பிறகு இந்தச் சேனலை வானப்படத்தின் மறைதிரையாக அமைத்துவிடலாம். ஜிம்ப்பில், மறைதிரை சேர்க்கும்போது ‘அடுக்கின் சாம்பல்படி’ என்னும் பொருள்படும் தெரிவு ஒன்று உண்டு. அதுவும் படத்திலிருந்தே மறைதிரை எடுக்கும் வழிதான்.

லெவல்ஸில் ஆசை மிகுந்தால் கெடுதல் நேரும். சாம்பல் எதுவும் எஞ்சாதவாறு எல்லாவற்றையும் கறுப்பு அல்லது வெள்ளை ஆக்கிவிட்டால், கீற்றுகள் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியவை போலாகும். கீற்றின் நுனி படத்தில் ஒரு புள்ளியின் பாதியளவுதான் இருக்கும். அப்புள்ளியில் பாதி இலை, பாதி வானம். எனவே மறைதிரையிலும் அது பாதிச் சாம்பலாக இருப்பதே உண்மைக்குப் பொருந்துவது. முன்னர்க் கண்ட 150 என்னும் விடை இவ்விடத்துக்காகவே பிறந்தது. நடுப்பகுதியில் மட்டும் கறையாகச் சாம்பல் எஞ்சினால், தூரிகையின் கலப்பு முறையை ‘ஓவர்லே’ என்பதற்கு மாற்றிக்கொண்டு தீட்டலாம். அம்முறையில் வெள்ளைத் தூரிகை வெளிர்சாம்பலை வெண்மையாக்கும். முழுக்கறுப்பை ஒன்றும் செய்யாது. கறுப்புத் தூரிகை முழுவெள்ளையைத் தொடாது.

கைக்குப் பழக வேண்டியவை

மறைதிரையில் வேலை செய்யும்போது நிறங்கள் இரண்டே. ‘டி’ விசையை அழுத்தினால் கறுப்பும் வெள்ளையும் வந்து நிற்கும்; ‘எக்ஸ்’ விசை அவற்றை இடம் மாற்றும். ஒரு கை சுட்டியிலும் ஒரு கை இவ்விசைகளிலும் இருந்துவிட்டால், மறைப்பதும் காட்டுவதும் மூச்சு வாங்குவதும் விடுவதும்போல் மாறி மாறி நடக்கும். மிகுதியாக மறைத்துவிட்டோமே என்று அஞ்ச வேண்டியதில்லை. ‘எக்ஸ்’ அழுத்தித் திரும்பத் தீட்டலாம்.

தீட்டுவதற்கு முன் மறைதிரைச் சிறுபடத்தைச் சொடுக்கி, அதைச் சுற்றிக் கட்டம் தோன்றியதா என்று பார்க்க வேண்டும். பார்க்கத் தவறினால் தூரிகை மறைதிரையில் படாமல் படத்தின்மேலேயே கறுப்பைப் பூசிவிடும். வகுப்பறையில் மிகுதியாக நிகழும் பிழை இதுவே.

ஃபோட்டோஷாப்பில் ‘ஆல்ட்’ விசையுடன் மறைதிரையைச் சொடுக்கினால் மறைதிரை மட்டும் கறுப்பு வெள்ளையாகத் திரை முழுதும் விரியும். நன்றாக மறைத்துவிட்டோம் என்று எண்ணிய இடத்தில் ஓட்டைகள் இருப்பது அப்போது தெரியவரும். ‘ஷிஃப்ட்’ விசையுடன் சொடுக்கினால் மறைதிரை தற்காலிகமாக விலகும். மறைத்ததற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். மறைத்த பகுதியைச் செந்நிறப் பூச்சாகக் காட்டும் வசதியும் உண்டு. அச்சுத்தொழிலில், தகட்டில் ஒளிபடக் கூடாத இடங்களைச் செந்நிற மெல்லேட்டால் மூடுவது வழக்கமாக இருந்தது. அவர்கள் பயன்படுத்திய படச்சுருளுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. அந்தச் செந்நிறம் கணினிக்குள்ளும் தொடர்கிறது.

சிறு பகுதியை மட்டும் திருத்துவதாயின், மறைதிரையை முதலில் முழுக்கறுப்பாக இட்டுக்கொண்டு வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளை தீட்டுவது சிக்கனம். குழுப்படத்துப் பாட்டியின் முகத்தை ஒளியூட்ட வேண்டுமா? படம் முழுவதையும் ஒளியூட்டும் ஒரு திருத்த அடுக்கைச் சேர்த்து, அதன் மறைதிரையைக் கறுப்பாக்கிவிட்டு, மென்மையான விளிம்புள்ள வெண்தூரிகையால் முகத்தை மட்டும் திறக்கலாம். தூரிகையின் வேகத்தைப் பத்து அல்லது பதினைந்து விழுக்காடாகக் குறைத்துக்கொண்டு பலமுறை ஓட்டினால் ஒளி படிப்படியாக ஏறும். ஒரே இழுப்பில் முடிக்க நினைப்பவரின் படத்தில் முகம் மட்டும் விளக்குப் போட்டதுபோல் தனித்து நிற்கும். புள்ளி நீக்குவதையும் தனி அடுக்கில் செய்து அதற்கும் ஒரு மறைதிரை இட்டுவிட்டால், மூக்குத்தியை நீக்குவதும் மீட்பதும் குடும்பத்தாரைப் பக்கத்தில் அமரவைத்துக்கொண்டே செய்யலாம். எந்தப் புள்ளி பூஞ்சை, எந்தப் புள்ளி மூக்குத்தி, எந்தப் புள்ளி மச்சம் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தாமே.

ஒரே பகுதிக்குப் பல திருத்தங்கள் தேவைப்படும்போது ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியே மறைதிரை தீட்டுவது வீண் உழைப்பு. அவ்வடுக்குகளை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒரே மறைதிரையை இட்டால் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். பின்னர் விளிம்பைத் திருத்த நேர்ந்தாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

எதுவரை மறைக்கலாம்?

ஆழியாற்றுக் காட்சியின் இரு படங்களும் ஒரே இடத்தில் அடுத்தடுத்த நொடிகளில் எடுக்கப்பட்டவை. அங்கிருந்த வானமும் அங்கிருந்த நிலமுமே சேர்ந்திருக்கின்றன. வேறொரு நாளில் வேறோர் ஊரில் எடுத்த கார்மேகத்தை அதே மறைதிரை வழியாக அங்கே வைக்கவும் முடியும். நாட்காட்டிக்கு அது தகும். மழை பொய்த்த ஆண்டில் நாளிதழுக்கு அனுப்பும் செய்திப்படத்தில் அது பொய்ச்சான்று. மறைதிரைக்கு இவ்விரண்டின் வேறுபாடு தெரியாது. படத்தைப் பார்ப்பவருக்கும் தெரியாது. ஏனெனில் அவர் கையில் கிடைப்பது அடுக்குகள் இல்லாத தட்டையான படம். குழுப்படத்தில் பாட்டியின் தோள்மேல் கைவைத்து நின்றவரை நீக்கித் தருமாறு குடும்பத்தார் கேட்பர், நீக்கித் தரலாம். அவர் நின்ற இடம் மூலக்கோப்பில் இருக்கட்டும். அடுத்த தலைமுறையில் ஒருவர் அவரையும் தேடி வரக்கூடும்.

கோப்பும் கொள்ளளவும்

சேமிக்கும்போதுதான் பலருடைய உழைப்பு வீணாகிறது. ஜேபெக் வடிவம் அடுக்குகளையும் மறைதிரைகளையும் ஏற்பதில்லை. அவ்வடிவில் சேமித்த கணமே எல்லா அடுக்குகளும் ஒன்றாக நசுங்கிவிடும். மறைக்கப்பட்டவை அப்போது உண்மையிலேயே அழிகின்றன. வாடிக்கையாளருக்கும் அச்சகத்துக்கும் ஜேபெக் கோப்பைத் தரலாம். ஸ்டுடியோ தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டியது ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு அல்லது ஜிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பு.

இக்கோப்புகள் பெரியவை என்னும் குறை பொதுவாகக் கூறப்படுவது. குறை கூறுவோர் பலர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் படம் முழுவதையும் படியெடுத்து ஓர் அடுக்காக வைத்துக்கொள்பவர்கள். 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் புள்ளிக்கு மூன்று நிற எண்கள் வீதம், சுருக்கப்படாத நிலையில் ஓர் அடுக்குக்கு 72 மெகாபைட் தேவை. மறைதிரைக்குப் புள்ளி ஒன்றுக்கு ஓர் எண் மட்டுமே. ஆகவே 24 மெகாபைட். திருத்த அடுக்கில் படமே இல்லை. எப்படித் திருத்த வேண்டும் என்னும் குறிப்பும் அதன் மறைதிரையும் மட்டும்தான் இருக்கின்றன. ஐந்து திருத்தங்களுக்கு ஐந்து படிகள் எடுத்தால் 360 மெகாபைட் கூடும். ஐந்து திருத்த அடுக்குகளுக்கு மறைதிரை இட்டால் 120. அவற்றிலும் பெரும்பகுதி வெறும் கறுப்போ வெறும் வெள்ளையோ ஆதலின், சேமிக்கும்போது மென்பொருள் அவற்றை மிகவும் சுருக்கி வைத்துக்கொள்ளும். நினைவகம் குறைந்த பழைய கணினியிலும் வேலை தடையின்றி நடக்கும்.